வெறுங்கையோடு திரும்பியவர்

பொங்கல் கபடி விருத்தாசலத்தில் நடந்தாலும் நெய்வேலியில் நடந்தாலும், பாடிப் போனவர் யாரையும் தொடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பினால் கூட்டம் கூச்சல் போடும். பயந்துட்டான் என்பார்கள். தடைக்கோட்டைத் தாண்டி, கார்னர்காரர் எங்கே நிற்கிறார், பிடிக்கும் சங்கிலி எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பார்த்துவிட்டுப் பிடிபடாமல் வந்தவருக்குப் பாயிண்ட் இல்லை. அதனால் மரியாதையும் இல்லை.

பீங்கான் சூளைகளுக்குப் பேர்போன விருத்தாசலத்தின் டீக்கடைகளில் அரசியல்வாதிகளையும் இப்படித்தான் அளக்கிறார்கள். அன்றைக்கு ராணுவத்தை அனுப்பு என்றார், பிறகு அதே ராணுவத்தை எதிர்த்தார், ஆகவே பல்டி. இந்தத் தீர்ப்பு தவறு.

ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு ஆளைத் தெரியும். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 1971இல் வங்கதேசத்துக்குப் போன படை இலங்கைக்கு ஏன் போகக்கூடாது என்ற கேள்வி தமிழ்நாட்டு மேடைகளில் கட்சி பேதமில்லாமல் ஒலித்தது. இதே பிரச்சினைக்காக இவர் ஆகஸ்ட்டில் எம்.எல்.ஏ. பதவியையே துறந்தார்.

1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போர் மூண்டது. 21ஆம் தேதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுடப்பட்டார்கள். காப்பாற்றப் போன படையின் துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பது அதற்குப் பிறகு யாருக்கும் ரகசியமல்ல.

1990 மார்ச் 24இல் கடைசி வீரர்கள் திருகோணமலையிலிருந்து கப்பலேறினார்கள். சென்னையில் அவர்களுக்கு வரவேற்பு நடந்தபோது முதல்வர் நாற்காலியில் இருந்தவர் இவர்தான். அவர் போகவில்லை. நாடு முழுவதும் கண்டனம் கிளம்பியது. அந்தப் போரில் 1,000-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் போன அந்தச் சிப்பாய்களின் குடும்பங்களுக்கு அந்த வெற்றிடம் வலித்திருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனாலும் அவர் எடுத்த முடிவு சரி. 1983இல் அவர் கேட்டது தமிழர் உயிருக்குப் பாதுகாப்பு. 1990இல் வரவேற்க மறுத்ததும் தமிழர் உயிர் போனதற்காக. இடையில் மாறியது களம். அதற்கு விலையும் இருந்தது: 1991 ஜனவரியில் அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டபோது சொல்லப்பட்ட காரணங்களில் புலிகள் விவகாரம் முக்கியமானது.

குறை சொல்வதானால் நுழைந்த விதத்தைச் சொல்லலாம். என்ன நடந்தால் திரும்பி வருவோம் என்று 1983இல் எந்த மேடையிலும் யாரும் வரையறுக்கவில்லை, அவரும்தான். 1988 நவம்பரில் மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை முறியடிக்க இந்தியப் படை போனபோது அழைத்தவர் யார், வேலை என்ன என்பது தெளிவாக இருந்தது. சில மணி நேரத்தில் மாலே கைக்கு வந்தது. அதனால் யாரும் நிலைப்பாட்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வெளிநாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 2002 அக்டோபரில் அமெரிக்க செனட்டில் 77 பேர் இராக் மீது படை செலுத்த அனுமதித்து வாக்களித்தார்கள். 23 பேர் எதிர்த்தார்கள். அந்த 77இல் பலர் பிற்பாடு அது தவறு என்றார்கள். அமெரிக்கா கேட்டும், ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் இராக்குக்குப் படை அனுப்ப முடியாது என்று 2003 ஜூலையில் டெல்லி மறுத்தது. தடைக்கோட்டுக்கு முன்பே நின்றுவிட்ட அந்த முடிவைப் பாராட்டி இங்கே ஒரு போஸ்டர்கூட ஒட்டப்படவில்லை.

இனி நடக்கப்போவது இது. பாக் நீரிணையில் மீனவர் கைதோ துப்பாக்கிச் சூடோ ஒரு தேர்தல் நேரத்தில் பெரிதாகும். கடற்படையை அனுப்பு என்ற குரல் ராமேஸ்வரத்தில் கிளம்பி இரண்டே நாளில் விருத்தாசலம் பாலக்கரை மேடைக்கு வந்துவிடும். முதல் வாரத்தில் மிக உரக்கக் கத்துபவர் நிபந்தனை எதையும் சொல்லமாட்டார். ஆறு மாதத்துக்குள் ஒருவர் எழுந்து, பேச்சுவார்த்தைதான் வழி, நான் முன்பு சொன்னதை மாற்றிக்கொள்கிறேன் என்பார். அவருடைய பழைய வீடியோ செல்போன்களில் சுற்றும், அந்தத் தொகுதியில் அவர் தோற்கவும் கூடும். அப்போதும் இந்தப் பத்தி அவர் பக்கம்தான் நிற்கும்.