பனியனில் இல்லாத எண்

சாரல் காலத்தில் குற்றாலக் கடைகளில் சிகாகோ புல்ஸ் 23 தொங்கும். தென்காசிப் பையன்கள் அதைப் போட்டுக்கிட்டு அருவிக்குப் போவார்கள். ஜோர்டானின் ஆட்டத்தை வாய்பிளந்து பார்த்தவன்தான் நானும். ஆனால் அதே அணியின் 14, கிரெய்க் ஹாட்ஜஸ், எந்தக் கடையிலும் இல்லை. 1991-ல் ஆப்பிரிக்க அங்கியுடன் வெள்ளை மாளிகைக்குப் போய், கறுப்பர் நிலை குறித்துப் புஷ்ஷுக்குக் கடிதம் கொடுத்தவர். (ஜோர்டான் அன்னைக்கு வரவே இல்லை.) 1992-க்குப் பிறகு எந்த என்பிஏ அணியும் அவரை எடுக்கவில்லை. பேசாத உடலைத்தான் சந்தை அச்சடிக்கிறது. கால்பந்தில் வேறு மாதிரியும் நடந்திருக்கு: 1982-ல், பிரேசிலின் ராணுவ ஆட்சியில், சாக்ரடீஸின் கொரிந்தியன்ஸ் அணி வாக்களிக்கச் சொல்லி முதுகில் எழுதிக்கொண்டு ஆடியது. பனியனே துண்டறிக்கை.

பப்ளிக் எனிமி கேட்டுப் பழகிய காதுக்கு அறிவின் ராப் அந்த வம்சம்தான். அவர் எழுதித் தீயுடன் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021-ல் ஊரெல்லாம் ஓடியது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அவருக்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது.