தையல் தெரியும் யானை

ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே தடுப்பணை நிற்கிறது. இராஜ வாய்க்கால் பிரிந்து செல்லும் இடமும் அதுவே. விடுமுறை நாட்களில் அணையில் குளிக்க வருவோரும் ஆற்று மீன் வறுவலை நாடி வருவோருமாக அவ்வூர் சிறு திருவிழாக் கோலம் கொள்ளும். அண்மையில் அவ்வூர் உறவினர் இல்லம் ஒன்றில் விருந்துண்டு அனைவரும் இளைப்பாறிக் கொண்டிருந்த கோடைப் பகலில், இளைஞர்கள் சிலர் தொலைக்காட்சியில் ஒரு பழைய ஆங்கிலப் படத்தை ஓடவிட்டு வயிறு குலுங்கச் சிரித்துக் கொண்டிருந்தனர். சடை மயிரைப் போர்த்திக்கொண்டு சில யானைகள் திரையில் நடந்து வந்தன. பார்ப்போரை நடுங்கச் செய்ய வேண்டிய கட்டம் அது. ஆயினும் அவ்வீட்டுக் கூடத்தில் நடுங்கியவர் எவருமிலர்.

அப்படம் 1952இல் வெளிவந்த 'தி ஜங்கிள்'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்காவின் லிப்பெர்ட் நிறுவனத்தோடு கைகோத்து உருவாக்கியது அது என்றும், தமிழில் 'காடு' என்னும் பெயரில் வந்தது என்றும் நாம் எடுத்துரைத்தபோது சிரிப்பு இரட்டிப்பாயிற்று. "நம்ம சேலத்துக்காரங்களா இதை எடுத்தாங்க?" என்றான் ஒருவன். ஓரமாக அமர்ந்திருந்த மாமி மட்டும் சிரிக்கவில்லை. "இந்த வெயில்ல அந்த ஆனைக்குப் புழுங்காதா தம்பி?" என்று கேட்டார். விடை சொல்வாரில்லை. அச்சிரிப்பையும் அக்கேள்வியையும் ஒருங்கே எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

செலவு குறைந்த விஞ்ஞானப் பயங்கரப் படங்களைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். விந்தைக் கதைகளைக் கேட்டு மகிழ்ந்த மரபு நம்முடையது. ஆயிரத்தோர் இரவுகளின் ஜின்களையும் பறக்கும் கம்பளத்தையும் நம் வீடுகள் நன்கறியும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் ஸகரிய்யா அல்கஸ்வீனி, படைப்பின் அற்புதங்களைத் தொகுத்துத் தனி நூலே இயற்றினார். விண்மீன்களும் தாவரங்களும் விலங்குகளும் பேசப்படும் அந்நூலிலேயே விசித்திர உயிர்களுக்கும் இடமுண்டு. வியப்பு என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று, படைத்தவனை நினைக்கும் வாயில்களுள் ஒன்று என்பது அத்தகையோரின் கருத்து. ஆகவே, வியப்பூட்ட முயன்று நகைப்பூட்டுவதோடு நின்றுவிட்ட ஒரு கலை வகையை ஆராய்வது நமக்குப் புறம்பான காரியமன்று.

முதலில் 'தி ஜங்கிள்' படத்தின் வரலாற்றைக் காண்போம். மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய டி.ஆர். சுந்தரம் (1907-1963), ஜேடர்பாளையத்துக்கு அண்டையிலுள்ள திருச்செங்கோட்டைச் சேர்ந்த குடும்பத்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பியவர். நூலும் துணியும் அறிந்த அவர் திரையுலகில் புகுந்து நூற்றுக்கு மேற்பட்ட படங்களை உருவாக்கிய நிறுவனத்தை நடத்தினார். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அவருடையதே. மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப்படமாக முஸ்லிம் குடும்பக் கதையான 'கண்டம் பெச்ச கோட்டு' படத்தை 1961இல் எடுத்தவரும் அவரே.

'தி ஜங்கிள்' படத்தை இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்சர் ஆகிய அமெரிக்க நடிகர்களோடு நம் எம்.என். நம்பியாரும் நடித்தார். இந்தியாவில் காட்டு யானைகள் கிராமங்களை அழிக்கின்றன. அவற்றை வெருட்டி விரட்டுவது எது? பனி யுகத்து மாமூத், அதாவது ரோமம் அடர்ந்த பெரு யானை, எங்கோ இன்னும் உயிரோடிருக்கிறது என்கிறான் வேட்டைக்காரன். அவனை நம்பியும் நம்பாமலும் ஒரு கூட்டம் காட்டுக்குள் புகுகிறது. கதை இவ்வளவே. மாமூத்துக்கு எங்கே போவது? நாட்டு யானைகளுக்கு மயிர்ப் போர்வை போர்த்தி நடக்க விட்டார்கள்.

இளைஞர்களுக்கு நகைப்பாகத் தோன்றியது இதுவே. ஆயினும் இன்றைய விஞ்ஞானம் இதில் ஒரு வியப்பை வைத்திருக்கிறது. இன்று வாழும் விலங்குகளுள் மாமூத்துக்கு மிக நெருங்கிய உறவு ஆசிய யானைதான் என்பது மரபணு ஆய்வுகள் கண்ட உண்மை. ஆப்பிரிக்க யானைகூட மாமூத்துக்கு அவ்வளவு நெருக்கமில்லை. கடைசி மாமூத்துகள் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்னர், ஆர்க்டிக் கடலின் ராங்கெல் தீவில் மறைந்தன. மறைந்துபோன தன் உறவினரின் வேடத்தை நம் யானை பூண்டது என்று சொன்னால் அது தவறாகாது. மாமியின் கேள்விக்கும் விடையுண்டு. யானைக்கு வியர்வைச் சுரப்பிகள் அரிது. அகன்ற காதுகளை வீசியே பெரிதும் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். மயிர்ப் போர்வைக்குள் அதற்குப் புழுங்கியே இருக்கும்.

இவ்வகைப் படங்கள் உலகெங்கும் உண்டு. லிப்பெர்ட் நிறுவனமே 1950இல் 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்' என்னும் படத்தைச் சிறு செலவில் அவசரமாக எடுத்து வெளியிட்டது. செவ்வாய்க் கிரகத்தைக் காட்டப் படச்சுருளுக்குச் செந்நிறம் ஏற்றினார்கள். 1953இன் 'ரோபோ மான்ஸ்டர்' படத்தில் வேற்றுக்கிரகவாசி என்று வந்தது, கொரில்லாத் தோலுக்கு மேல் விண்வெளித் தலைக்கவசம் மாட்டிய ஓர் உருவம். எட் வுட் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்திலோ, 1956இல் இறந்துவிட்ட பேலா லுகோசிக்குப் பதிலாக வேறொருவர் மேலங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடித்தார். ஹாரி, மைக்கேல் மெட்வெட் சகோதரர்கள் 1980இல் வெளியிட்ட பரிகாச விருது நூலில், உலகின் மிக மோசமான படம் என்னும் பட்டம் இதற்கே சூட்டப்பட்டது. அதன் பிறகு இதனைத் தேடிப் பார்ப்போர் தொகை பெருகிற்று. மோசமானது என்பதற்காகவே ஒன்றைச் சுவைக்கும் இவ்வழக்கத்தை, 1964இல் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். அச்சுவையின் அடியில் இகழ்ச்சி இல்லை, மனித இயல்பின்மேல் ஒருவித அன்பு இருக்கிறது என்பது அவர் முடிவு.

மெட்வெட் சகோதரர்களின் சிரிப்பும் சொன்டாக் சொன்ன சிரிப்பும் ஒன்றா? இங்கே நமக்குத் துணை நிற்பது தொல்காப்பியம். மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. பிறரை எள்ளுவதாலும் நகை பிறக்கும். குழந்தைத் தன்மையாகிய இளமையாலும் பிறக்கும். ஏனைய இரண்டு பேதைமையும் மடனும். அச்சத்துக்கு அது கூறும் காரணங்களுள் அணங்கும் விலங்கும் உண்டு. மருட்கை, அதாவது வியப்பு, புதுமையாலும் பெருமையாலும் மட்டுமன்றிச் சிறுமையாலும் தோன்றும் என்பது அந்நூலின் நுட்பம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இப்படங்களின் இயல்பு விளங்கும். அவை அச்சத்தையும் மருட்கையையும் நாடிப் புறப்படுகின்றன. பணமும் கருவியும் போதாமையால் வழியில் நகையைச் சந்திக்கின்றன. அந்நகை எள்ளலா இளமையா என்பதைப் படம் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பவர் பார்வையாளர். பாயைப் போர்த்திக்கொண்டு 'நான் புலி' என்று வரும் பேரனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அச்சிரிப்பில் இகழ்ச்சி இருப்பதில்லை. ஒருவர் தம் உழைப்பைக் கொட்டிச் செய்ததைத் தாழ்த்தி, நம்மை உயர்த்திக்கொள்ளச் சிரிக்கும் சிரிப்பு வேறு. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாது என்றும், பரிகசிக்கப்படுவோர் மேலானோராக இருக்கக்கூடும் என்றும் திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:11) நம்மை எச்சரிக்கிறது. திரையரங்கின் இருட்டு இவ்வெச்சரிக்கைக்கு விலக்கன்று.

நம் மொழியில் இளமை நகைக்குத் தக்க எடுத்துக்காட்டு 'கலை அரசி' (1963). ஏ. காசிலிங்கம் இயக்க, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த இப்படத்தில் வேற்றுக்கிரகத்திலிருந்து விண்கலம் பூமிக்கு வருகிறது. அதில் வந்திறங்குபவர், பதினோர் ஆண்டுகளுக்கு முன் 'தி ஜங்கிள்' படத்தில் நடித்த அதே நம்பியார். எதற்காக வருகிறார்? பொன்னுக்கோ மண்ணுக்கோ அன்று. அவர்தம் கிரகம் விஞ்ஞானத்தில் வளர்ந்தது, கலையில் வறண்டது. ஆகவே ஒரு தமிழ்ப் பாடகியைக் கவர்ந்து செல்ல வருகிறார். யூரி ககாரின் விண்ணில் பறந்து ஈராண்டே ஆகியிருந்த காலம் அது. ராக்கெட்டும் அணுகுண்டும் வைத்திருந்த வல்லரசுகளைப் பார்த்து, உங்களிடம் எல்லாம் இருக்கலாம், எங்களிடம் பாட்டு இருக்கிறது என்று ஓர் ஏழை நாட்டுப் படம் சொல்லிற்று. அட்டையும் தகரமும் கலந்த அவ்விண்கலத்தைக் கண்டு சிரிக்கலாம். அது சுமந்து வந்த எண்ணம் சிரிப்புக்குரியதன்று. இப்படத்தின் வசனகர்த்தா ரவீந்தர் என்பது நம் வாசகர்க்கு மகிழ்வூட்டும் செய்தி. 'நாடோடி மன்னன்' (1958) படத்துக்குக் கண்ணதாசனோடு வசனம் எழுதியவரும் அவரே. அவர் நாகூர் தந்த காஜா மொகிதீன்.

தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்த விட்டலாச்சார்யாவின் மாயாஜாலப் படங்களும் இவ்வரிசையின. 'ஜகன்மோகினி' (1978) படத்தில் பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்துச் சமைத்ததைக் கண்ட தலைமுறை அதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. விறகில்லா அடுப்பைப் பற்றி அறியாத தாய்மார் அக்கூட்டத்தில் எத்தனை பேர் இருந்திருப்பர்! பேயின் வேலையிலும் அவர்கள் தம் வீட்டைக் கண்டிருக்கக்கூடும்.

அவ்வாறாயின் 'தி ஜங்கிள்' குற்றமற்ற படமா? இல்லை. ஆனால் குற்றம் யானையில் இல்லை. அப்படத்தில் இந்திய அரசகுமாரியாக வருபவர் அமெரிக்கப் பெண்மணி மேரி வின்சர். இந்தியப் பிரதானியாக வருபவர் நியூயார்க்கில் பிறந்த ரொமேரோ. நம் நாட்டவர் பெரும்பாலும் பின்னணியில் நிற்கிறார்கள். இந்தியா என்றால் காடும் யானையும் அரண்மனையும்தான், அங்கே வழி காட்ட ஒரு வெள்ளை வேட்டைக்காரன் வேண்டும் என்பதே அப்படம் ஓசையின்றிச் சொல்லும் செய்தி. இளைஞர்கள் யானையைக் கண்டு சிரித்தார்கள். அரசகுமாரியைக் கண்டு சிரிக்கவில்லை. யானையின் போர்வை பொய்யென்று கண்ணுக்குத் தெரிகிறது. அரசகுமாரியின் பொய்க்குத் தையல் தெரியவில்லை.

பொய்யில் இருவகையுண்டு என்பதே நாம் சொல்ல வந்தது. தையல் தெரியும் பொய் எவரையும் ஏமாற்றுவதில்லை. 'நான் வேடம், என்னோடு சற்று விளையாடு' என்று அது அழைக்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸின் அலிபாபா வாழ்ந்த பாக்தாத், துணியிலும் சாந்திலும் எழுந்த பாக்தாத். அதை மெய்யான இராக் என்று கருதிய முஸ்லிம் எவருமிலர், மனம் நொந்தவரும் இலர். தையல் மறைந்த பொய்யின் தன்மை வேறு. 'ரோஜா' (1992) ஒளிப்பதிவிலும் இசையிலும் நேர்த்தி மிக்க படம் என்பதை மறுப்பதற்கில்லை. அதில் கடத்தப்பட்ட நாயகன் எரியும் தேசியக் கொடியைத் தன் உடலால் அணைக்கப் போராடுகிறான். அவனைக் கடத்தியவன் தொழுகையில் இருப்பதும் அதே காட்சியில் மாற்றி மாற்றிக் காட்டப்படுகிறது. தொழுகையும் தேசப்பற்றும் எதிரெதிர் நிற்பவை என்று வசனம் எதுவும் சொல்லவில்லை. படத்தொகுப்பு அதைச் சொல்லிவிடுகிறது. கலை நேர்த்தியே அங்கே போர்வை. மயிர் போர்த்திய யானை வீட்டுக்கு வந்து நம்மைத் துரத்தாது. ஆனால் அக்காட்சி தந்த முகத்தைப் பள்ளிக்கூடத்திலும் பேருந்திலும் வாடகை வீடு தேடும் தெருவிலும் நம் பிள்ளைகள் சந்திக்க நேர்கிறது. பயங்கரப் படம் என்று உண்மையில் எதை அழைப்பது?

இக்காலத்தில் வேண்டுமென்றே மட்டமாக எடுக்கப்படும் படங்களும் உண்டு. சூறாவளியில் சுறா மீன்கள் பறந்து வரும் 'ஷார்க்நேடோ' (2013) அவ்வகையினது. அவற்றை நாம் இப்பட்டியலில் சேர்க்க மாட்டோம். முயன்று தோற்றவன் மேல் எழும் பரிவு, தோல்வியை நடித்துக் காட்டுபவன் மேல் எழாது. கணினி வரைகலையால் எந்த யானையையும் எந்தக் கிரகத்தையும் பிசிறின்றிக் காட்டிவிடலாம் என்னும் இந்நாளில், அந்தப் பரிவுக்குரிய படங்கள் அருகிவிட்டன. நம் கண்ணும் பிசிறு தேடுவதை மறந்துவிட்டது.

சேலத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு மட்டும் எஞ்சி நிற்கிறது. உள்ளே இருந்த கூடங்கள் போய்விட்டன. அங்கே தைத்தவர், வண்ணம் பூசியவர், தகரம் வளைத்தவர் பெயர்கள் படத்தின் தலைப்புகளில்கூட இடம் பெற்றதில்லை. மாமியின் கேள்வி அவர்களையும் நோக்கிய கேள்வியாகவே நமக்குப் படுகிறது. போர்வையைக் கண்டவர்கள் நடுவே, போர்வைக்குள் ஓர் உயிர் இருப்பதைக் கண்டவர் அவர். திரைப்படம் காண்பதற்கு அதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

மீண்டும் ஜேடர்பாளையம் செல்ல வாய்க்குமாயின், அப்பிள்ளைகளோடு அமர்ந்து அதே படத்தைப் பார்ப்போம். யானை வரும்போது நாமும் சிரிப்போம். அரசகுமாரி பேசத் தொடங்கும்போது, 'இப்போது ஏன் சிரிக்கவில்லை?' என்று அவர்களைக் கேட்போம்.