லிப்ஸ் ஃபோல்டரில் ஒரு லைப்ரரி

புலிகள் காப்பகங்களின் ரோந்துப் பணிக்காக 2010இல் ‘எம்-ஸ்ட்ரைப்ஸ்’ முறை அறிமுகமானது. 2018 தேசியப் புலிகள் கணக்கெடுப்பில் அதன் கைப்பேசிச் செயலியும் பயன்பட்டது. சிக்னல் எட்டாத இடங்களில் ஓட வேண்டிய இத்தகைய செயலிகளுக்கு வரைபடம், தரவுச் சேமிப்பு என்று பிறர் எழுதிய லைப்ரரிகள் தேவை. அவற்றைக் கிரேடில் என்ற பில்ட் கருவி மூலம் இணையக் களஞ்சியத்திலிருந்து வரவழைக்கலாம். கோப்பை இறக்கி ‘லிப்ஸ்’ ஃபோல்டரில் நாமே வைக்கவும் செய்யலாம்.

காட்டில் நெட் கிடையாது, அதனால் கையால் சேர்ப்பதே பாதுகாப்பு என்பார்கள். இந்த வாதம் நிற்காது. எந்த வழியில் சேர்த்தாலும் லைப்ரரி, கைப்பேசியில் நிறுவப்படும் ஏபிகே கோப்புக்குள் போய்விடுகிறது. களஞ்சியத்தை எட்ட நெட் வேண்டியது செயலியை உருவாக்கும் கணினிக்குத்தான்.

கையால் சேர்ப்பதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஜேசென்டர் என்ற லைப்ரரிக் களஞ்சியத்தை மூடப்போவதாக ஜேஃப்ராக் நிறுவனம் அறிவித்தது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் மாற்று தேடி அலைய, கோப்பைக் கைவசம் வைத்திருந்தவர்களின் பில்ட் வழக்கம்போல் ஓடியது. இந்தத் தன்னிறைவு சாதாரணமானதல்ல.

ஆனால் ஆண்ட்ராய்டு லைப்ரரிகள் வரும் ஏஏஆர் கோப்பு, தனக்குத் தேவையான மற்ற லைப்ரரிகளின் பட்டியலைக் கூடவே கொண்டுவருவதில்லை. அந்தப் பட்டியல் ‘போம்’ கோப்பில் இருக்கிறது. ஏஏஆரை மட்டும் வைத்தாலும் பில்ட் வெற்றிகரமாக முடிந்துவிடக்கூடும். குறிப்பிட்ட வசதியைத் திறக்கும்போதுதான் தேவையான கிளாஸ் கிடைக்காமல் செயலி நின்றுபோகும். அலுவலகச் சோதனையில் யாரும் திறக்காத அந்த வசதியை, யானைத்தடத்தைப் பதிவுசெய்ய நினைக்கும் காவலர் திறந்தால் அன்றைய பதிவே போய்விடும்.

இதைவிடப் பெரிய குறை மறதி. எந்தப் பதிப்பு, எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்காத கோப்பு ஃபோல்டரில் வருடக்கணக்கில் கிடக்கிறது. ஆண்ட்ராய்டு 15 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை இலக்காகக் கொண்ட செயலிகள் 16 கேபி நினைவகப் பக்கங்களை ஆதரிக்க வேண்டும் என்ற பிளே ஸ்டோர் விதி 2025 நவம்பரில் வந்தது. சி++ல் எழுதிய பழைய நேட்டிவ் லைப்ரரிகள் பலவற்றை இதற்காக மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். மூலநிரல் எங்கே என்றே தெரியாத கோப்பை யார் கம்பைல் செய்வது?

பிரதி கைவசம் இருக்கட்டும். வெறும் ஏஏஆராக வேண்டாம். புராஜெக்டுக்குள்ளேயே சிறு மேவன் களஞ்சியம் அமைத்து, போம் கோப்போடு வையுங்கள். பதிப்பையும் உரிமத்தையும் குறித்து வையுங்கள். கோப்பு மாறியிருக்கிறதா என்று சரிபார்க்கும் வசதி 6.2 பதிப்பிலிருந்தே கிரேடிலில் இருக்கிறது.