முதல் ஆளுக்கா, இருபதாவது ஆளுக்கா?

கடைக்குப் புதிதாக ஆள் எடுக்கும் நாளில் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் ஒரே பேச்சுத்தான் நடக்கிறது. "முதலாளி, ஈ.பி.எஃப். வெட்டாமல் முழுசாத் தாங்கோ" என்பார் அங்கே வந்தவர். "பி.எஃப். எல்லாம் வேணாம் முதலாளி, கையில குடுத்துருங்க" என்பார் இங்கே வந்தவர். கேட்பவருக்கு வீட்டுச் செலவு நெருக்குகிறது. ஒப்புக்கொள்பவருக்கும் தன் பங்கு மிச்சம். இந்த உடன்பாட்டை இரண்டு நாட்டுச் சட்டங்களும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. சிறு தொழில் நடத்துகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும்.

இலங்கையில் ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கான சட்டம் 1958இல் வந்தது. ஆள்கணக்கு அதில் கிடையாது. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் முதல் நாளிலிருந்து கடமை தொடங்குகிறது. ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். இதற்கு மேல், 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம் கட்ட வேண்டும். தகுதிகாண் காலம், பகுதிநேரம், தற்காலிகம் என்ற பெயர்கள் எதுவும் விலக்குத் தருவதில்லை. ஊழியரே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாலும் முதலாளியின் பொறுப்பு நீங்காது. அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் மேலதிகக் கட்டணம் ஏறும். தாமதம் நீண்டால் அது 50 சதவீதம் வரை போகும்.

ஒரு சம்பளச் சீட்டை எடுத்துப் பார்ப்போம். மாதச் சம்பளம் 40,000 ரூபாய். ஊழியரிடம் கழிவது 3,200. கைக்கு வருவது 36,800. முதலாளி போடுவது 4,800, நம்பிக்கை நிதியத்துக்கு 1,200. ஆக, 40,000 சம்பளம் என்று பேசிய ஆளுக்கு முதலாளியின் உண்மைச் செலவு 46,000. ஊழியர் பெயரில் மாதம் 9,200 சேர்கிறது. மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது. ஆனால் வாழ்க்கைச் செலவுப் படி சேரும். சாப்பாடு போடும் கடையென்றால் அந்தச் சாப்பாட்டின் பெறுமதியும் சேரும் என்கிறது சட்டம். பலர் தவறவிடும் இடம் இது.

இந்தியாவில் பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக்கான சட்டம் 1952இலேயே வந்துவிட்டது. ஆனால் அது தலைகளை எண்ணியது: 20 பேர் இருந்தால்தான் கட்டாயம். ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கும் பணிக்கொடைக்கும் 10 பேர். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் வைப்பு நிதிக்கான 20 அப்படியே நிற்கிறது.

மதுரையில் 25 பேர் வேலை செய்யும் ஜவுளிக்கடை ஒன்றில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம், 1,800 ரூபாய். ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 113 ரூபாய். கையில் 13,087. முதலாளி பி.எஃப்.புக்கு அதே 1,800 போடுகிறார். அதில் 1,250 ஓய்வூதியத்துக்குப் போக, 550தான் சேமிப்பில் ஏறுகிறது. ஈ.எஸ்.ஐ.க்கு அவர் பங்கு 3.25 சதவீதம். நோயில் படுத்தால் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்க இதுவே வழி. அதே தெருவில் ஒன்பது பேர் வேலை செய்யும் கடையில் இருப்பவருக்கு இந்த இரண்டில் எதுவுமே கட்டாயமில்லை.

எண்ணிக்கையில் கோடு போட்டால், கோட்டுக்குக் கீழேயே நிற்கத்தான் மனம் தேடும். 19 பேரோடு நிறுத்திக்கொள்வது, இருபதாவது ஆளை ஒப்பந்தக்காரர் பெயரில் காட்டுவது, ஒரே பட்டறைக்குக் கணவர் பெயரில் ஒரு பலகையும் மனைவி பெயரில் ஒரு பலகையும் மாட்டுவது எல்லாம் இங்கே பழகிப்போன வழிகள். இலங்கையும் முழுக்கத் தப்பவில்லை. 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தில் அது 15 பேர் என்று கோடு போட்டது. சேமலாப நிதியில் ஆள்கணக்கு இல்லாததால் அங்கே வேறு வழி தேடுகிறார்கள்: ஆறு மாதம் பார்த்துவிட்டுப் பதியலாம் என்று தள்ளுவது, அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து மீதியைப் படியாக எழுதுவது. படிகளில் சம்பளத்தை ஒளிப்பது இந்தியாவிலும் உண்டு. புதிய தொகுப்பின்படி, படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் சம்பளமாகவே எண்ணப்படும்.

என் தீர்ப்பு இதுதான்: கடமை எங்கே தொடங்க வேண்டும் என்பதில் இலங்கை சரி. முதுமை எல்லோருக்கும் வரும். பத்தொன்பது பேரில் ஒருவராக உழைத்தவருக்கும் வரும். தொழிலாளியின் கையில் கணக்கைக் கொடுப்பதில் இந்தியா முன்னே நிற்கிறது. 2014இல் வந்த ஒரே நிரந்தர எண் வேலை மாறினாலும் கூடவே வருகிறது. மாதாமாதம் பணம் ஏறியதா என்று தொழிலாளி தன் கைபேசியிலேயே பார்க்கலாம். இலங்கையில் புது முதலாளியிடம் புது உறுப்பினர் இலக்கம். அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம்தான். ஆனால் படுத்திருக்கும் நாட்களின் சம்பளத்துக்கு ஈ.எஸ்.ஐ. போன்ற ஏற்பாடு அங்கே இல்லை.

சட்டம் மாறும்வரை முதலாளிகள் காத்திருக்க வேண்டியதில்லை. இலங்கையில் ஆள் எடுக்கும்போதே சம்பளத்தோடு 15 சதவீதத்தைக் கூட்டிக் கணக்குப் போடுங்கள். பிறகு அது பாரமாகத் தெரியாது. இந்தியாவில் 20 பேர் இல்லாவிட்டாலும், ஊழியர்களில் பெரும்பான்மையினர் சம்மதித்தால் தாமாகவே பி.எஃப்.பில் சேரலாம். இரண்டு இடத்திலும் பிடித்தது எவ்வளவு, நீங்கள் போட்டது எவ்வளவு என்று சம்பளச் சீட்டில் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். பிடித்த பணத்தைச் சரக்கு வாங்கப் புரட்டாதீர்கள். அது உங்கள் பணமல்ல. கட்டாமல் வைத்துக்கொள்வதை இந்தியக் குற்றவியல் சட்டம் நம்பிக்கை மோசடியாகவே கருதுகிறது.

"வெட்டாமல் தாங்கோ" என்று கேட்பவரிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். 40,000 சம்பளத்தில் மாதம் 3,200 ரூபாய் விட்டுக்கொடுத்தால், பத்து ஆண்டில் வட்டியைச் சேர்க்காமலே அவர் பெயரில் நிற்பது 11 இலட்சத்து 4 ஆயிரம் ரூபாய்.