ரேட்டியின் மந்திரி

1924-ஆம் வருஷத்து நியூயார்க் சதுரங்கப் பந்தயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், 8 வருஷம் தோல்வியே அறியாதிருந்த கபாபிளாங்காவை ரிச்சர்ட் ரேட்டி வீழ்த்திய ஆட்டத்தைத்தான் நண்பர்கள் சிலாகிப்பார்கள். அதன் சரித்திரப் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் சரித்திரம் வேறு, சௌந்தரியம் வேறு. அதே பந்தயத்தில் போகோல்யூபோவை 25 நகர்த்தல்களில் அவர் வென்ற ஆட்டத்துக்கே என் நெஞ்சில் முதல் ஸ்தானம். அழகிய ஆட்டத்துக்கான முதற்பரிசை அதற்கு அளித்த நடுவர்களும் என் கட்சிதான்.

குதிரையை முன்னே விட்டு, பக்கத்துச் சிப்பாய்களை மெல்ல நகர்த்தி, மத்தியைத் தூரத்திலிருந்தே கண்காணித்த ரேட்டி, ராஜாவின் சிப்பாயை 15-ஆம் நகர்த்தலில்தான் இரண்டு கட்டம் ஓட்டினார். என் கண் மட்டும் ராஜாவின் பக்கத்து மந்திரியை விட்டு அகலுவதில்லை. மூலைவிட்டத்தில் தவம் கிடந்த அது 19-ஆம் நகர்த்தலில் பலகையின் ஓரத்துக்கு வந்து எதிரியின் யானையை மிரட்டுகிறது. பிறகு வெட்டுக்கு வெட்டு. புழுதி அடங்கியபோது இரு தரப்பிலும் ராணி, யானை, மந்திரி, ஐந்து சிப்பாய் என்று எல்லாம் சமம். கறுப்பு யானையும் கடைசி வரிசைக்குத் திரும்பித் தன் மந்திரிக்குக் காவலாக நின்றுவிட்டது. அப்போதுதான் ரேட்டியின் மந்திரி ஒரு செக் கொடுத்து ராஜாவை மூலைக்கு விரட்டிவிட்டு, மறு நகர்த்தலில் ஒரே கட்டம் நகர்ந்து, கறுப்பு யானைக்கும் அது காத்துநின்ற மந்திரிக்கும் நடுவே போய் அமர்கிறது. செக் இல்லை, வெட்டு இல்லை. காவல் அறுந்தது, அவ்வளவே. யானை அதை வெட்டினால், ராணியைப் பலியிட்டு அடுத்த நகர்த்தலிலேயே மேட். போகோல்யூபோவ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

பழைய ஆட்டக்காரர் ஆண்டர்சனின் பலிகளில் மயங்கியவர்கள் இதைச் சப்பென்று இருப்பதாகச் சொல்வார்கள். அந்தப் பலிகளில் வாணவேடிக்கை உண்டு. ஆனால் முதல் நகர்த்தலிலிருந்து கடைசி நகர்த்தல் வரை ஒரே எண்ணம் ஓடுகிற இந்த அமைதியை அவற்றில் நான் கண்டதில்லை.

இளமையில் நாங்கள் கூடிய சங்கத்தில் ஒரு பெரியவர், கறுப்பு யானை திரும்பி வந்த அந்த நிலையைப் பலகையில் வைத்துவிட்டு, விடை சொல்லாமலே வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் வரை அந்தக் கட்டம் எங்களைத் தூங்கவிடாது. இன்றைய ரசிகர்களோ கம்ப்யூட்டர் காட்டும் எண்ணைப் பார்த்தே நகர்த்தலை மெச்சுகிறார்கள். ஆட்டக்காரர்களும் ரேட்டியின் தொடக்கத்தை, எதிரியின் மனப்பாடத்துக்குத் தப்புகிற குறுக்குவழியாகவே பெரும்பாலும் கையாளுகிறார்கள். அலெக்கைன் எழுதிய அந்தப் பந்தயப் புத்தகத்தை விரித்து, காய்களைக் கையால் நகர்த்தி, 25-ஆம் நகர்த்தலைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது யோசிக்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?