கைக்கெட்டும் துப்பாக்கி

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையினர் அப்போது பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 3-ல் சிறுவன் தஞ்சாவூர் மருத்துவமனையில் இறந்துபோனான். சுட்டவர்கள் சீருடைக்காரர்கள். சுடுவதற்கென்றே ஒதுக்கிய இடம், மேற்பார்வைக்கு அதிகாரிகள், ஒழுங்குமுறைகள் என எல்லாம் இருந்தும் ஒரு குழந்தையின் உயிர் போனது. “பொறுப்பான ஆளிடம் துப்பாக்கி இருந்தால் என்ன கெட்டுவிடும்?” என்று கேட்பவர்களின் வாதத்தை எடைபோடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

அந்த வாதத்தை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடவும் முடியாது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த ஒரே குடும்பத்தினர் மூவர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதிக்கும் அதே கதி நேர்ந்தது. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டி, வேடசந்தூர் பக்கம் காட்டுக்குள் தனிவீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு இந்தச் செய்திகளைப் படித்த பிறகு ராத்தூக்கம் எப்படி வரும்? கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் அடுத்த வீடு கிடையாது. போலீஸ் வண்டி வந்துசேர அரை மணி நேரமாவது ஆகும். அவர்கள் துப்பாக்கி உரிமம் கேட்டால் அதை வீண் ஜம்பம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்த வீட்டில் துப்பாக்கியை எங்கே வைப்பது என்று கேட்டுப் பார்த்தால் சிக்கல் புரியும். நள்ளிரவில் கதவை உடைத்து வருகிறவனை எதிர்கொள்ள வேண்டுமானால் துப்பாக்கி கைக்கெட்டும் இடத்தில், தோட்டா போட்டபடி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பேரப்பிள்ளைகளின் கைக்கும் அது எட்டும். தோட்டாவைத் தனியே எடுத்து, துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் வைத்து, நம் திண்டுக்கல் பூட்டையே போட்டுப் பூட்டினால் பிள்ளைகள் பிழைப்பார்கள். ஆனால் திருடன் வரும் நேரத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். பத்திரமாக இருக்கும் துப்பாக்கி அவசரத்துக்கு உதவாது. அவசரத்துக்குத் தயாராக இருக்கும் துப்பாக்கி பத்திரமானதல்ல. எந்த உரிமமும் இந்த முரணைத் தீர்த்துவைக்காது.

2014 டிசம்பரில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், கடைக்குப் போன 29 வயதுத் தாயின் கைப்பையில் இருந்த துப்பாக்கியை அவருடைய இரண்டு வயது மகன் எடுத்துவிட்டான். அது வெடித்துத் தாய் இறந்தார். மறைத்து எடுத்துச்செல்ல உரிமம் வைத்திருந்தவர், அதற்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பையைத்தான் பயன்படுத்தினார். 2024 அக்டோபர் 1 அதிகாலையில் மும்பையில் நடிகர் கோவிந்தாவின் சொந்த ரிவால்வரே வெடித்து அவர் காலைத் துளைத்தது. அதுவும் உரிமம் பெற்றதுதான். இரண்டு இடத்திலும் எதிரி என்று ஒருவருமே இல்லை.

துப்பாக்கி அதிகமானால் குற்றம் குறையும் என்று 1998-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜான் லாட் ஒரு புத்தகமே எழுதினார். 2004-ல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு அந்தப் புள்ளிவிவரங்களைத் திரும்ப ஆராய்ந்து, மறைத்து எடுத்துச்செல்லும் சட்டங்களால் குற்றம் குறைந்ததா கூடியதா என்று அவற்றைக் கொண்டு சொல்ல முடியாது என்றது. துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பு 2.7 மடங்கு என்று 1993-ல் அமெரிக்காவின் கெல்லர்மேன் ஆய்வுக் குழு கண்டது. ஏற்கெனவே ஆபத்தில் இருப்பவர்கள்தானே துப்பாக்கி வாங்குகிறார்கள் என்ற மறுப்பு அதற்கு உண்டு. அது நியாயமான மறுப்பும்கூட. ஆக, குற்றக் கணக்கில் இன்னும் வழக்கு நடக்கிறது. விபத்துக் கணக்கில் அவ்வளவு குழப்பமில்லை. குழந்தைகள் கைக்குத் துப்பாக்கி எட்டாமல் வைக்கச் சொல்லும் சட்டங்கள் காயங்களைக் குறைக்கின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இருப்பதாக அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பாய்வு சொல்கிறது.

ஆயுதம் வைத்திருப்பது நம் உரிமை, அதைப் பறித்தவன் வெள்ளைக்காரன் என்பது இன்னொரு வாதம். இதில் வரலாற்று உண்மை இருக்கிறது. விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் தூக்கிலிடப்பட்ட அதே 1801-ன் டிசம்பரில்தான் தென்சீமைப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து கம்பெனி அரசு அறிக்கை விட்டது. 1931-ல் கராச்சி காங்கிரஸ் தீர்மானமும் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு, வாக்களித்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்கக் கேட்டபோது அம்பேத்கர் எதிர்த்தார்; திருத்தம் தோற்றது. கூடும் உரிமையைத் தந்த 19-ஆம் பிரிவு, ஆயுதமின்றிக் கூட வேண்டும் என்றே சொல்கிறது. வெள்ளைக்காரன் போட்ட தடையை நாமே அமர்ந்து விவாதித்து, நம் காரணங்களுக்காகத் தொடர்ந்தோம். சாதிக் கலவரங்களைக் கண்ட தென்மாவட்டங்களில் அந்த முடிவின் அருமை தெரியும்.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பொது இடத்தில் துப்பாக்கியை முழுக்க மூடித்தான் கொண்டுபோக வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் ஒருவருக்கு மூன்று என்றிருந்த உச்சவரம்பை இரண்டாக்கியது. கொண்டாட்டத்தில் சுடுவதைக் குற்றமாக்கியது. தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஊர் சூடாக இருக்கும்போது துப்பாக்கியால் காவலைவிட ஆபத்தே அதிகம் என்று அரசே ஒப்புக்கொள்வதாகத்தானே இதற்குப் பொருள்? ஊர் சூடாவது தேர்தலுக்கு மட்டுமல்ல, வரப்புத் தகராறுக்கும்தான். 2020 நவம்பரில் பழனியில் ஒரு நிலத் தகராறில் முதியவர் ஒருவரின் துப்பாக்கிக்கு இரண்டு பேர் இலக்கானார்கள், ஒருவர் இறந்தார். எதிரே நின்றவர்கள் திருடர்களல்ல, தெரிந்தவர்கள்.

ஆனாலும் நம் மாவட்டத்தில் பெரிய ஆபத்து உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியிடம் இல்லை. மலையடிவாரங்களில் கூரைக்குள்ளும் வைக்கோல்போருக்குள்ளும் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கியிடம்தான் இருக்கிறது. குழல்வாயில் கரிமருந்தைக் கொட்டி, ரவையோ பால்ரஸ் குண்டோ போட்டு, கம்பியால் கிட்டித்துக்கொண்டு இருட்டில் கிளம்புகிறார்கள். கிட்டித்த மருந்தை வெளியே எடுப்பது பெரும்பாடு என்பதால், சுடும்வரை அது நிரப்பியபடியே தோளில் தொங்கும். விசை தற்செயலாக விழாமல் தடுக்கும் பூட்டு இந்த வகைத் துப்பாக்கியில் பெரும்பாலும் இருப்பதில்லை. கல் தடுக்கினாலும், முள்ளில் விசை மாட்டினாலும் வெடிக்கும். மக்காச்சோளக் காட்டில் தட்டை அசைந்தால் பன்றி என்று நினைத்துச் சுடுவார்கள். அசைந்தது உடன் வந்தவனாகவும் இருக்கலாம். உரிமமில்லாத துப்பாக்கிக்கு 2 முதல் 5 ஆண்டு சிறை. அந்தப் பயத்தில் காயம்பட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே தயங்குவார்கள். தண்டனையைக் கூட்டினால் தயக்கமும் கூடும் என்பதைச் சட்டம் எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

இந்தத் துப்பாக்கி இருப்பதற்குக் காரணம் காட்டுப்பன்றி. ஒரே ராத்திரியில் ஒரு ஏக்கர் கடலையைக் கிளறிப்போடும் பன்றிக்கு விவசாயி என்ன பதில் சொல்வான்? ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியை அனுமதிக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமோ பன்றியைச் சுட்டால் வழக்குப் போடுகிறது. இந்த இரண்டுங்கெட்டான் நிலைக்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். சுடும் பொறுப்பை ஊரார் கையில் தராமல் துறையிடம் வைத்தது சரியான முடிவு. ஆனால் மனு கொடுத்து ஆள் வருவதற்குள் அறுவடை முடிந்துவிட்டால், விவசாயி பழைய துப்பாக்கியைத்தான் தேடுவான்.

ஆகவே என் முடிவு இது. உரிமத்தைத் தாராளமாக்கும் கோரிக்கை நிற்காது: அது திருடனைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்றில்லை, வீட்டாரைக் காயப்படுத்தும் என்பதற்குச் சான்றிருக்கிறது. இப்போது உரிமம் வைத்திருப்பவர்கள் பூட்டி வைக்கிறார்களா என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை தாளில் பார்த்தால் போதாது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கள்ளத்துப்பாக்கிக்கு ரெய்டு மட்டும் மருந்தாகாது. ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பக்கம் செய்ததுபோல, ஒப்படைத்தால் வழக்கில்லை என்று நாள் குறித்து இங்கும் அறிவிக்க வேண்டும். அதோடு பன்றிக்கு விரைவான நடவடிக்கையும் அழிந்த பயிருக்கு உரிய காலத்தில் இழப்பீடும் சேராவிட்டால், ஒப்படைத்தவரே இன்னொன்றை வாங்குவார்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதுகிறவர்கள் துப்பாக்கி உரிமம் கேட்க வேண்டாம். தோட்டத்து வீடுகளுக்கு இரவு ரோந்தும், புகார் கொடுத்த வாரத்திலேயே வனத்துறை ஆளும் கேளுங்கள். அவற்றைக் கேட்டு வாங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.