பச்சை விளக்கு அணைந்தால் பேஸ் கம்மி

ஆம்பெக் எஸ்விடி-சிஎல் பேஸ் ஆம்ப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. 300 வாட், பவர் பகுதியில் ஆறு 6550 வால்வுகள், 36 கிலோ எடை. 1969-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் மேடையேறிய எஸ்விடியின் வாரிசு. பேஸ் வாசிக்கிறவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். பாறசாலைப் பக்கத்தில் சர்ச் பெருநாளுக்கும் அம்பலத்துத் திருவிழாக் கானமேளாவுக்கும் இதை எடுத்துப் போனால் என்ன ஆகும் என்பதுதான் கையேட்டில் இல்லை. கரண்டைப் பார்த்துத்தான் இது பாடும்.

பின்பக்கம் பயாஸ் காட்டும் விளக்குகள் இருக்கின்றன. பச்சை எரிந்தால் வால்வுகள் சரியாக ஓடுகின்றன. சிவப்பு என்றால் அளவு மீறிச் சூடாகின்றன. எரியவே இல்லையென்றால் வேண்டிய கரண்ட் ஓடவில்லை. சாயங்காலம் சவுண்ட் செக்கில் பச்சை ஜோராக எரியும். இருட்டி, சீரியல் செட்டும் கட்அவுட் லைட்டும் ஒன்றாகப் போட்டதும் பச்சை மங்கி அணையும். எக்ஸ்டென்ஷன் போர்டில் மீட்டரை வைத்தால் 190 வோல்ட்.

கிளாஸ்-டி ஆம்புகளில் பெரும்பாலானவை இதைக் கண்டுகொள்வதில்லை. உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ் சமாளித்துக்கொள்ளும். இதிலிருக்கும் பழைய பாணி டிரான்ஸ்பார்மருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. உள்ளே எவ்வளவு குறைகிறதோ அதே விகிதத்தில் வெளியேயும் குறையும். 230-க்கு 190 வந்தால் 6.3 வோல்ட் கிடைக்க வேண்டிய ஹீட்டருக்கு 5.2தான் கிடைக்கும், 300 வாட் என்று காசு கொடுத்து வாங்கியது ஏறக்குறைய 200 வாட்டில் நிற்கும். ஹீட்டர் இப்படி அரைச்சூட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தால் வால்வின் ஆயுளும் குறையும். ஆறு 6550-ஐயும் ஜோடி பார்த்து மொத்தமாக மாற்ற வேண்டும். நெய்யாற்றின்கரைக் கடைத்தெருவில் போய் டியூப் என்று கேட்டால் சைக்கிள் டியூபைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 205, 210 வோல்ட்டில் சத்தம் அலாதி. ஈ கம்பியை மீட்டியதும் முதலில் கொஞ்சம் அமுங்கி, பிறகு பொங்கி வரும். ஓரத்தில் லேசான கரகரப்பு. எட்டி வான் ஹேலன் வேரியாக் வைத்து வேண்டுமென்றே வோல்ட்டைக் குறைத்து வாசித்தவர். நமக்கு அதைத் திருவிழாக் கமிட்டியே இலவசமாகச் செய்து தருகிறது. இன்னும் இறங்கினால்தான் கஷ்டம். கீழ் ஸ்வரங்கள் குழைந்துபோய், கிக் டிரம் எது பேஸ் எது என்று தெரியாது.

ஜெனரேட்டர் அதைவிட மோசம். பாட்டு நடுவில் யாரோ லைட்டை அணைப்பார்கள், வோல்ட் 260-க்கு எகிறும், சிவப்பு எரியும். நான் ஸ்டாண்ட்பைக்குத் தாவுவேன். “இத தூக்கிட்டு வாறதுக்கு வேற ரெண்டு பேரக் கூட்டிட்டு வரலாமே மக்களே” என்று மைக் செட் அண்ணன் சிரிப்பார். களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டத்தில் வாசித்தாலும் இதே கதைதான்.

சர்வோ ஸ்டெபிலைசர் வைத்தேன், 2 கேவிஏ. பச்சை விளக்கு இப்போது அசைவதில்லை. ஆனால் தூக்குவதற்கு இன்னொரு பெட்டி சேர்ந்துவிட்டது. உண்மையான விலையைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டுடியோவிலோ சொந்த சர்ச்சிலோ ஒரே இடத்தில் வைத்து வாசிப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். இந்தச் சத்தம் வேறெதிலும் வராது என்பது என் கட்சி. ஊர் ஊராகப் போகிறவர்கள் கிளாஸ்-டி வாங்கி முதுகைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். நான் இதை விற்கப்போவதில்லை. மைக் செட் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள்: மேடைக்கும் சீரியல் செட்டுக்கும் ஒரே லைனில் இழுக்காதீர்கள்.